இணையத்தளத்தை வீட்டிலேயே முழுசாகச் சரிபார்த்துவிட்டு ஏற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் இப்போதெல்லாம் அடிக்கடி ஒரு படம் வருகிறது. மண்டபத்தில் குத்துவிளக்கு, பின்னால் வெள்ளைத் திரை, திரையில் ஓர் இணையத்தளம், பக்கத்தில் அதைத் திறந்துவைக்கும் பிரமுகர். ஆலயத்துக்கு ஒன்று, தமிழ்ப்பள்ளிக்கு ஒன்று, முன்னாள் தோட்ட மக்கள் சங்கத்துக்கு ஒன்று. பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்த முகவரிகளைக் குறித்து வைத்துக்கொண்டு நாலைந்து மாதம் கழித்துக் கைப்பேசியில் திறந்து பார்ப்பது என் பழக்கம். பல திறப்பதே இல்லை. திறந்தாலும் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறி. கேட்டால், தளத்துக்கு இணையத்தில் இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் கம்பெனி சரியில்லை என்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் சொந்தத் தளம் படுத்த பிறகுதான் தெரிந்தது, கோளாறு எல்லாம் எங்கள் வீட்டு மடிக்கணினிக்குள்ளேயே இருந்திருக்கிறது, நாங்கள் அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அங்கே இறக்கியிருக்கிறோம்.

அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். இடம் போதவில்லை என்றால் இரண்டு நாளாகப் பிரித்தாவது போடுங்கள், நடுவில் வெட்டிவிடாதீர்கள்.

நான் சுங்கை சிப்புட்டில் ஓர் அச்சகத்தில் 22 வருடமாகத் தமிழ்த் தட்டச்சு வேலை செய்கிறேன். கல்யாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ், கருமக்கிரியை அறிவிப்பு, பள்ளி ஆண்டு மலர், எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போகும். பிறந்தது பக்கத்தில் ஒரு தோட்டத்தில். இப்போது அங்கே பால் மரம், அதாவது ரப்பர் மரம், ஒன்றுகூட இல்லை, முழுக்கச் செம்பனை, தொழிலாளர் குடியிருந்த லயங்களையும் இடித்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பேரை இணையத்தில் தேடினால் முதலில் வருவது 1948 ஜூன் 16, எல்பில் தோட்டத் துரை சுட்டுக் கொல்லப்பட்டது, அதையொட்டி வந்த மலாயா அவசரகாலம். அதற்கு அப்புறம் எங்கள் ஊர்க்காரரான தலைவர் துன் சம்பந்தன். இரண்டும் வரலாறு, இருக்க வேண்டியதுதான். ஆனால் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்றவர்கள் எங்கே? ஆயாக் கொட்டகையில் நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாய்ப் பார்த்துக்கொண்ட ஆயா எங்கே? 1960இல் துன் சம்பந்தன், தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு சேர்த்தவர்கள் எங்கே? அவர்கள் படமும் பேரும் பழைய தகரப் பெட்டிகளில் பூச்சி அரித்துக்கொண்டிருக்கிறது. 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019இல் நின்றுபோனபோது, வீட்டில் வெட்டி வைத்திருந்த பழைய பக்கங்களை எடுத்துப் பார்த்து நான் நாள் முழுக்க அழுதேன். அன்றைக்கு எடுத்த முடிவுதான் எங்கள் தோட்டத்துக்கு ஒரு இணையத்தளம்.

என் அண்ணன் மகன் ஈப்போவில் படித்துக்கொண்டிருந்தான். அவன்தான் மடிக்கணினியில் ஸாம்ப் என்கிற மென்பொருளைப் போட்டு, அதற்கு மேல் இணையத்தளம் கட்டும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளையும் போட்டுக் கொடுத்தான். காசு எதுவும் கொடுக்காமல், இணைய இணைப்புகூட இல்லாமல், நம் கணினியையே, தளங்களை வைத்துக் காட்டும் ஒரு சின்ன சர்வர் மாதிரி ஓட வைக்கும் ஏற்பாடு அது. முகவரிப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் நம் தளம் திறக்கும். தப்பு செய்தாலும் வெளியே யாருக்கும் தெரியாது, நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம். எட்டு மாதம் சமையலறை மேசையில் உட்கார்ந்து கட்டினோம். ஒரு விஷயத்தை மட்டும் இருவருமே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. லோக்கல்ஹோஸ்ட் என்றால் 'இதே கணினி' என்று அர்த்தம். எண்ணில் சொன்னால் 127.0.0.1. உலகத்தில் எந்தக் கணினியில், எந்தக் கைப்பேசியில் அந்த முகவரியைக் கொடுத்தாலும் அது தன்னைத்தான் பார்த்துக்கொள்ளும்.

திறப்பு விழா அன்று நடந்ததை அப்படியே சொல்கிறேன். பொது மண்டபத்தில் நூறு பேர் இருப்பார்கள். என் மடிக்கணினியைத் திரைக்கருவியில் இணைத்திருந்தோம். தளம் அழகாகத் திறந்தது. லயத்து வாசலில் கோலம், தீமிதிக்குக் காப்புக் கட்டி நிற்கும் ஆண்கள், பால் வாளி தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வரும் பெண்கள், ஒவ்வொரு படம் வரும்போதும் யாராவது ஒருவர் "அது எங்க பெரியம்மா" என்று சத்தம் போட்டார்கள். முகவரியை எல்லாருக்கும் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினோம். முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா கைப்பேசியை என்னிடம் நீட்டி, "எங்கப்பா படம் எங்கேம்மா?" என்றார். அவர் கைப்பேசியில் பேர் இருந்தது, படம் இல்லை. பக்கத்தில் இருந்தவர் கைப்பேசியிலும் இல்லை. மண்டபத்தில் யார் கைப்பேசியிலும் இல்லை. ஆனால் திரையில் மட்டும் எல்லாப் படமும் பளிச்சென்று இருந்தது. "இங்க லைன் சரியில்ல, வீட்டுக்குப் போய்ப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினோம்.

வீட்டுக்குப் போயும் அவர்களுக்குத் தெரியவில்லை. இரவு பதினொரு மணிக்கு அண்ணன் மகனுக்கு ஒரு யோசனை வந்து ஸாம்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தை மறுபடி திறந்தான். எங்கள் கணினியிலும் எல்லாப் படமும் காணாமல் போய்விட்டது. "அத்தை, படம் எதுவும் ஹோஸ்டிங்கிலேர்ந்து வரல, இவ்வளவு நேரம் நம்ம கம்ப்யூட்டரே நமக்குக் காட்டிக்கிட்டு இருந்திருக்கு" என்றான். தளத்தின் முதன்மை முகவரியை மட்டும் மாற்றியிருந்தான். கட்டுரைகளுக்குள் ஒவ்வொரு படத்தின் முகவரியும் லோக்கல்ஹோஸ்ட் என்றே இருந்தது. அந்த அக்காவின் கைப்பேசிக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கைப்பேசிதான். அதற்குள்ளேயே போய் அவர் அப்பாவைத் தேடியிருக்கிறது.

தளம் வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது அதனால் மிகச் சின்ன விஷயம். ஏற்றிய பிறகு, யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால், ஸாம்பை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். அப்புறம் அந்தக் கணினியைத் தொட்டே இராத இன்னொருவரின் கைப்பேசியில் பாருங்கள். எங்களுக்கு இதை முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த அக்கா அன்றைக்கு அப்படி வெறுங்கையோடு போயிருக்க மாட்டார்.

அடுத்து நாங்கள் செய்தது இதைவிடப் பெரிய தப்பு. கட்டுரைகளும் அமைப்புகளும் சேமித்திருக்கும் தரவுத்தளத்தை எஸ்கியூஎல் என்ற வகைக் கோப்பாக வெளியே எடுத்து, நோட்பேடில் திறந்து, லோக்கல்ஹோஸ்ட் முகவரியைத் தேடி அத்தனை இடத்திலும் ஒரே அடியாகப் புது முகவரியைப் போட்டு ஏற்றினோம். படங்கள் பெரும்பாலும் வந்துவிட்டன. ஆனால் பக்கவாட்டில் இருந்த பட்டியல், முகப்புப் படங்களின் வரிசை, தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமில் செய்திருந்த அமைப்புகள், எல்லாம் காலி. காரணத்தைக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆனது. வேர்ட்பிரஸ் சில அமைப்புகளைச் சேமிக்கும்போது எழுத்தோடு சேர்த்து அதன் நீளத்தையும் பக்கத்தில் எண்ணாக எழுதி வைக்கிறது. எங்கள் பழைய முகவரி 24 எழுத்து, அதனால் முன்னால் 24 என்று எழுதியிருந்தது. நாங்கள் முகவரியை மாற்றினோம், 24 அப்படியே நின்றது, புது முகவரியின் நீளமோ வேறு. எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகாததால் வேர்ட்பிரஸ் அந்தப் பகுதி முழுவதையும் படிக்க முடியாமல் விட்டுவிட்டது. நோட்பேடில் தேடி மாற்றுவது இதனால்தான் கூடாது. பெட்டர் சர்ச் ரிப்ளேஸ் என்று வேர்ட்பிரஸில் சேர்த்துக்கொள்ளும் இலவசச் செருகுநிரல் ஒன்று இருக்கிறது, அது அந்த எண்ணையும் சேர்த்துத் திருத்திவிடும். புது முகவரி, பாதுகாப்பான இணைப்பைக் குறிக்கும் எச்டிடிபிஎஸ் என்று தொடங்குமா என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் இதே வேலையை இரண்டாம் தடவை செய்ய வேண்டிவரும், எங்களுக்கு வந்தது.

தமிழுக்கு இதில் இன்னொன்றும் உண்டு. அந்த நீளம் எழுத்துக் கணக்கு இல்லை, கணினி சேமிக்கும் அளவான பைட் கணக்கு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழுக்கு யூடிஎஃப்-8 முறையில் மூன்று. 'தமிழ்' என்ற சொல்லை நாம் மூன்றெழுத்து என்போம், கணினிக்கு அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து, ஆக 15 பைட். கையால் எண்ணித் திருத்தலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைக்காதீர்கள்.

படங்களின் பெயர் பற்றிச் சொல்ல வேண்டும். விண்டோஸில் ஒரு கோப்பின் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்தில் எழுதினாலும் சின்ன எழுத்தில் எழுதினாலும் அதற்கு ஒன்றுதான். ஹோஸ்டிங் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுகிறது, அங்கே பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. எங்கள் பழைய கேமரா எல்லாப் படத்துக்கும் பின்னொட்டைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தது, நான் கையால் எழுதிய பக்கங்களில் சின்ன எழுத்தில் கொடுத்திருந்தேன். வீட்டில் எட்டு மாதமும் ஒரு குறையும் தெரியவில்லை. முகவரியைத் திருத்தி ஏற்றிய பிறகும் அந்தப் படங்கள் ஒன்றுகூட வரவில்லை. கோப்புப் பெயர் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல், வீட்டிலேயே மாற்றிவிடுங்கள், தளத்தில் சேர்ப்பதற்கு முன்பே மாற்றினால் இன்னும் நல்லது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன், ஏனென்றால் தமிழ்த் தளங்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான், வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய எந்த வழிகாட்டியிலும் இது இருக்காது. இந்த நாட்டில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கிய காலத்திலிருந்து நாம் கணினியில் தமிழ் அடித்து வருகிறோம். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் அச்சுத் தொழிலில் பழைய எழுத்துருக்களை விட எங்களுக்குப் பல வருடம் பிடித்தது, சில இடத்தில் இன்னும் விடவில்லை. உங்கள் ஆலயத்தின் தலவரலாறு, பள்ளியின் பொன்விழா மலர், எல்லாம் அந்தப் பழைய குறியீட்டில்தான் ஏதாவது ஓர் அச்சகத்தில் கிடக்கும். அதை அப்படியே எடுத்துத் தளத்தில் ஒட்டினால், அந்த எழுத்துரு இருக்கும் உங்கள் கணினியில் தமிழாகத் தெரியும், மற்ற எல்லாருக்கும் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த கிறுக்கல். அதை யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றினால் மட்டும் போதாது, ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க வேண்டும். காகிதத்தில் துணைக்காலும் 'ர'வும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் என்பதால் அவசரத்தில் காலுக்குப் பதில் 'ர' அடித்துவிட்டுப் போன இடங்கள் எல்லா மலரிலும் இருக்கும், நானே எத்தனையோ திருத்தியிருக்கிறேன். அச்சில் அது யாரையும் தொந்தரவு செய்யவில்லை. கணினிக்கு அது வேறு எழுத்து, தேடினால் அந்தச் சொல் அகப்படாது.

இன்னொரு தொல்லை கண்ணுக்கே தெரியாதது. 'தோ' என்ற எழுத்தை, தகரத்தோடு ஓகாரக் குறியை ஒரே துண்டாகச் சேர்த்தும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பக்கங்களில் இந்த இரண்டாவது வகை புகுந்துவிடுகிறது. எங்கள் தளத்தின் தேடல் பெட்டியில் 'தோட்டம்' என்று அடித்தால் பாதிக் கட்டுரைகள் வரவில்லை. தோட்டத்தைப் பற்றிய தளத்தில் தோட்டம் என்ற சொல்லே அகப்படவில்லை! இதை ஏற்றுவதற்கு முன் தரவுத்தளத்தில் ஒரே தடவை தேடி மாற்றிவிடலாம், ஏகாரமும் காலும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ஓகாரம், எகரமும் காலும் வரும் இடமெல்லாம் ஒகரம். அரை மணி நேர வேலை.

கேள்விக்குறி விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். மைஎஸ்கியூஎல் தரவுத்தளங்களில் 2018இல் 8.0 வரும்வரை இயல்பாக அமைந்திருந்த எழுத்துத் தொகுதி லத்தீன் ஒன்று, அதற்குத் தமிழ் தெரியாது. பழைய ஹோஸ்டிங்கில் கவனிக்காமல் இறக்குமதி செய்தால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகப் பதிந்துவிடும். பதிந்துவிட்டால் அவ்வளவுதான், உள்ளே எழுத்தே இல்லை, எந்த நிபுணராலும் அதை மீட்க முடியாது. கேள்விக்குறியாக இல்லாமல் ஐரோப்பிய எழுத்துக் கிறுக்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அதைத் திருப்பிக் கொண்டுவரலாம். வீட்டுத் தரவுத்தளம், வெளியே எடுக்கும் கோப்பு, அங்கே இருக்கும் தரவுத்தளம், மூன்றிலும் எழுத்துத் தொகுதி, தமிழைத் தாங்கும் யூடிஎஃப்8எம்பி4 என்று இருக்கிறதா பாருங்கள். மூல எஸ்கியூஎல் கோப்பை அழிக்காதீர்கள். அதை நோட்பேடில் திறந்தால் தமிழ் தமிழாகத் தெரிய வேண்டும், ஏற்றுவதற்கு முன் அதையாவது ஒரு தடவை பாருங்கள்.

கட்டுரைகளின் முகவரி. தலைப்பைத் தமிழில் வைத்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கும், அப்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியும் எண்ணுமாக 9 எழுத்தாக நீளும். 'தமிழ்' மட்டும் 45 எழுத்து. முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 எழுத்து, அப்படியென்றால் ஒரு தலைப்பில் சுமார் 22 குறிதான் தாங்கும், மீதி வெட்டுப்பட்டுப் போகும். அந்த நீளச் சதவீத முகவரியைப் புலனத்தில் அனுப்பினால் வயசானவர்கள் வைரஸ் என்று நினைத்துத் தொடவே மாட்டார்கள், என் அம்மாவே தொடவில்லை. தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாகச் சுருக்கி வையுங்கள். ஏற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம், ஏற்றிய பிறகு மாற்றினால் அதுவரை பகிர்ந்த இணைப்பு எல்லாம் செத்துப்போகும்.

படத்தின் கனம் பற்றிச் சுருக்கமாக. பழைய 4க்கு 6 அங்குலப் புகைப்படத்தை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், ஸ்கேன் செய்து தரம் குறையாத டிஃப் கோப்பாக வைத்தால் ஒன்று ஏறக்குறைய 25 மெகாபைட். அப்படித்தான் ஸ்கேன் செய்ய வேண்டும், அந்தப் படம் இன்னும் பத்து வருடத்தில் இருக்காது. ஆனால் அதை வெளி வன்தட்டு இரண்டில் போட்டு இரண்டு வீட்டில் வையுங்கள், தளத்துக்கு 1600 பிக்சல் அகலத்தில் ஜேபெக் தனியாகச் செய்யுங்கள். நம் ஆட்கள் பிரீபெய்ட் டேட்டாவில், செம்பனைக் காட்டுக்கு நடுவில் ஒரு கோடு சிக்னலில் திறப்பவர்கள். பெரிய படத்தை ஏற்றினால் வேர்ட்பிரஸ் சின்னதாக ஒன்று செய்து காட்டும் என்பது சரிதான், பெரியதும் அங்கேயே கிடந்து இடத்தை அடைக்கும்.

இனி எழுதப்போவதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

எங்களுக்குப் பேப்பர் கொடுத்தவர்களில் ஒரு பாட்டி. எண்பது தாண்டியவர். அவருடைய அப்பாவின் பழைய வேலைச் சான்று, செக்ரோல் என்ற தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில் இருந்து பெயர்த்து எழுதிய ஒரு தாள், கூடவே குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுக்கும் அவருடைய சொந்த சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டிலேயே பிறந்து இந்த மண்ணிலேயே உழைத்து இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கும் நம் மக்களைப் பற்றி உங்கள் பத்திரிகை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறது, நான் விளக்க வேண்டியதில்லை. அவர் அந்த அட்டையைத் துணிப்பையிலிருந்து எடுத்து, முந்தானையில் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். பிறந்த தேதியைச் சரிபார்க்கத்தான் அதை ஸ்கேன் செய்தேன். எந்தப் பக்கத்திலும் போடவில்லை. ஆனால் மற்ற படங்களோடு சேர்த்து மொத்தமாக வேர்ட்பிரஸுக்குள் இழுத்துப் போட்டபோது அதுவும் உள்ளே போய்விட்டது. தளத்தை ஏற்றியபோது அந்தக் கோப்புறையும் முழுசாகப் போனது. கோப்புறையின் பட்டியலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும்படி சர்வர் அமைப்பு இருந்தது. ஒரு நாள் இரவு, வேறு எதையோ தேடும்போது அந்தப் பட்டியல் என் கண்ணில் பட்டது. மேலிருந்து கீழே வந்தால் பாட்டியின் முகம், பேர், 12 இலக்க எண். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், 08, பேராக். ஏழு வாரம் அது அங்கே இருந்திருக்கிறது.

உடனே எடுத்துவிட்டேன், பட்டியல் தெரிவதையும் நிறுத்தினோம். மறுநாள் காலையிலேயே பாட்டி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு இணையம் புரியவில்லை, "பரவால்லம்மா, நீ ஒன்னும் வேணும்னு செய்யல" என்றார். எனக்கு அது இன்னும் வலிக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இலேயே வந்துவிட்டது, அது வியாபாரத்துக்காக எழுதப்பட்ட சட்டம், நம் சங்கத் தளம் வியாபாரம் இல்லை. ஆனால் அவர் துடைத்துக் கொடுத்தது சட்டத்தை நம்பி இல்லை, என்னை நம்பி.

ஆகவே ஏற்றுவதற்கு முன்னால் அந்தப் படக் கோப்புறையை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பக்கத்தில் போடவில்லை என்றால் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், நன்கொடை கொடுத்தவர்களின் தொலைபேசி எண் பட்டியல், பள்ளிப் பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கை, இவை எதுவும் தளம் இருக்கும் கோப்புறைக்குள் இருக்கவே கூடாது. கைப்பேசியில் எடுத்து வயரில் இறக்கிய படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் எண்ணும் ஒளிந்திருக்கலாம், ஒரு மூதாட்டி தனியாக இருக்கும் வீட்டை அது காட்டிக் கொடுக்கும், அதை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். ஏற்றும் வேலைக்காகக் கொண்டுபோன ஸிப் கோப்பையும் எஸ்கியூஎல் கோப்பையும் அங்கேயே விட்டுவிட்டு வருவது இன்னொரு பெரிய ஆபத்து, அதில் உங்கள் தளம் மொத்தமும் இருக்கிறது. ஸாம்பில் தரவுத்தளத்தின் தலைமைக் கணக்குக்குக் கடவுச்சொல்லே கிடையாது, வீட்டுக்குள் அது பரவாயில்லை, ஆனால் அந்தப் பழக்கத்தில் வேர்ட்பிரஸ் கணக்குக்கும் ஒன்று இரண்டு மூன்று என்று வைத்து அப்படியே ஏற்றிவிடாதீர்கள். சோதனைக்காகப் போட்ட பதிவுகள், பயன்படுத்தாத செருகுநிரல்கள், தீம்கள், எல்லாவற்றையும் வீட்டிலேயே அழித்துவிடுங்கள். பிழைச் செய்தி காட்டும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஏதாவது தடுமாறும்போது உள்விவரம் எல்லாம் வாசகருக்குத் தெரியும்.

அப்புறம், கட்டும் காலத்தில் தேடுபொறிகள் வர வேண்டாம் என்று வேர்ட்பிரஸில் ஒரு கட்டத்தில் டிக் போட்டிருப்போம். ஏற்றியதும் அதை எடுக்க வேண்டும். பக்கத்துக் குடியிருப்புத் தாமானில் ஓர் ஆலயத் தளம் ஒரு வருடத்துக்கு மேல் கூகுளில் வரவே இல்லை, போய்ப் பார்த்தால் அந்த ஒரு டிக்.

தளம் யார் பேரில் இருக்கிறது என்பது கணினி விஷயமே இல்லை, ஆனால் அதிகமான தளங்கள் செத்தது இதில்தான். ஒரு தம்பி ஆர்வமாகக் கட்டித் தருவார், முகவரியும் ஹோஸ்டிங்கும் அவர் மின்னஞ்சலில் பதிவாகும், அவர் வேலை கிடைத்துச் சிங்கப்பூர் போய்விடுவார், புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவருடைய பழைய மின்னஞ்சலில் கிடக்கும். காலாவதியான முகவரியை வேறு யாரோ வாங்கிக்கொள்வார்கள். எங்கள் வட்டாரத்தில் ஓர் ஆலயத்தின் முகவரியில் இன்றைக்குச் சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது, பழைய கும்பாபிஷேக மலரில் அச்சடித்த அதே முகவரி, அந்த மலரைத் தட்டச்சு செய்தவள் நான். அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன், நிர்வாகம் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். ஏற்றுவதற்கு முன்பே சங்கத்துக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்து, எல்லாவற்றையும் அதில் பதிவு செய்து, புதுப்பிக்கும் தேதியைத் தாளில் எழுதிச் செயலாளர் கோப்பில் வையுங்கள். சங்கங்களுக்கான எம்ஒய் முகவரி வேண்டுமென்றால் சங்கப் பதிவிலாகாவின் பதிவுச் சான்றைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள், விழாவுக்கு முதல் வாரம் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

விழாவுக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் தளத்தை ஹோஸ்டிங்கில் வைத்துப் பார்க்க ஒரு வழி உண்டு. விண்டோஸுக்குள் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. ஹோஸ்டிங்காரர் கொடுத்த, அவர்கள் சர்வரின் முகவரியான ஐபி எண்ணையும் உங்கள் முகவரியையும் ஒரு வரியில் அதில் எழுதிவிட்டால் உங்கள் கணினி மட்டும் புது இடத்துக்குப் போகும், உலகத்துக்கு இன்னும் எதுவும் மாறியிருக்காது. ஸாம்பை நிறுத்திவிட்டு ஒரு வாரம் அப்படியே ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். வேர்ட்பிரஸை ஓட்டும் பிஎச்பி என்ற கணினி மொழியின் பதிப்பு வீட்டில் இருப்பதும் அங்கே இருப்பதும் வேறாக இருந்தால் அதுவும் இந்த வாரத்தில் தெரிந்துவிடும். தொடர்புப் படிவத்தை அழுத்தி மின்னஞ்சல் உண்மையிலேயே வருகிறதா பாருங்கள், வீட்டுக் கணினியில் அதைச் சரியாகச் சோதித்திருக்க முடியாது. அந்த ஒரு வாரம் வீட்டுத் தளத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். நான் சேர்த்தேன், அந்தக் கட்டுரைகள் அங்கே போய்ச் சேரவில்லை, மறுபடி உட்கார்ந்து அடித்தேன்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த தடவை இப்படி ஒரு திறப்பு விழாச் செய்தி வந்தால், உங்கள் நிருபரைத் தன் சொந்தக் கைப்பேசியில் அந்த முகவரியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திறக்கவில்லை என்றால் செய்தியை நிறுத்த வேண்டாம், நிர்வாகத்தாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொழில்நுட்பப் பக்கத்தில் புதுக் கைப்பேசி விலைக்குக் கொடுக்கும் இடத்தில் கொஞ்சம் இதற்கும் கொடுங்கள். நம் ஊர்களில் இதைக் கற்றுக் கொடுக்க ஆள் கிடையாது, பத்திரிகையை மட்டும்தான் எல்லா நிர்வாகமும் படிக்கிறது.

இங்கே ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் தங்கள் தளத்தை இந்த மாதக் கடைசியில் ஏற்றுவதாக இருந்தார்கள். அழைப்பிதழ் அடிக்க எங்கள் அச்சகத்துக்கு வந்தபோது, படக் கோப்புறையைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார்கள். அழைப்பிதழில் தேதி இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வருகிறார்கள், பிள்ளைகள் படம் மட்டும் ஆயிரத்துக்கு மேல் இருக்கிறதாம், ஒவ்வொன்றாகப் பார்க்கப்போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.